ஊசி போடும் முன் இடுப்பை அளந்து பாருங்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 41. உட்கார்ந்து பார்க்கும் வேலை. படுக்க இரவு 1 மணி ஆகிவிடும், காலை 6 மணிக்கு எழ வேண்டும். உயரம் 170 செ.மீ., எடை 92 கிலோ. ஒரு வருடமாக எப்போதும் அசதி. தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வருகிறது. குழந்தையிடம் கத்திவிட்டு அப்புறம் வருத்தப்படுகிறேன். தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்துவிட்டது. சில சமயம் விறைப்பும் சரியாக வருவதில்லை. மனைவி இதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை, அதுவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஜிம்முக்கு வரும் நண்பர் சொல்லி, வேலை முடிந்து வரும் வழியில் மாலை 6 மணிக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனுக்கான பரிசோதனை செய்தேன். 278 என்று வந்தது. கூடவே பார்த்ததில் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1, ரத்தக் கொழுப்புகளில் டிரைகிளிசரைடு 240, ஹெச்டிஎல் 34. "ஹார்மோன் குறைந்துவிட்டது, ஊசி போட்டால் பழைய ஆளாகிவிடலாம்" என்கிறார் நண்பர். அவரும் போட்டுக்கொள்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார். எங்களுக்கு இரண்டாவது குழந்தைக்கு ஆசை இருக்கிறது. ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. இரண்டாவது குழந்தைக்கு ஆசை இருக்கிறது என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ஊசி போடலாமா என்று கேட்கிறீர்கள். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்பதை நண்பர் உங்களிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது வேண்டாம். ஏன் என்பதைப் பொறுமையாகப் படியுங்கள்.

டெஸ்டோஸ்டிரோன் விரையில் சுரக்கிறது. ஆனால் அது தானாகச் சுரப்பதில்லை, மேலிருந்து உத்தரவு வர வேண்டும். மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்று இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் அனுப்புகிறது. எல்.ஹெச். விரையில் உள்ள லேடிக் செல்களிடம் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்கிறது. எஃப்.எஸ்.ஹெச். விந்தணு உற்பத்திக்குத் துணை நிற்கிறது. ரத்தத்தில் போதுமான அளவு டெஸ்டோஸ்டிரோன் இருந்தால் மூளை உத்தரவைக் குறைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து ஊசி போடும்போது நடப்பதும் இதுதான். 'ஏராளமாக இருக்கிறதே' என்று மூளை உத்தரவை நிறுத்திவிடுகிறது. விரை வேலை இல்லாமல் சுருங்க ஆரம்பிக்கிறது. விந்தணு உருவாக, விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோனின் அளவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஊசி ரத்தத்தை நிரப்புமே தவிர, விரைக்குள் அந்த அளவை ஒருபோதும் எட்ட வைக்காது. ரிப்போர்ட்டில் டெஸ்டோஸ்டிரோன் 800 என்று பளபளப்பாக வரும், விந்தணு எண்ணிக்கையோ பூஜ்ஜியத்தில்கூட நிற்கலாம்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. வாராந்திர டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் சோதித்துப் பார்த்து, 1990இல் அதன் முடிவை வெளியிட்டது. ஆரோக்கியமான ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணுவே இல்லாமல் போனது. குழந்தை வேண்டும் என்கிற உங்களுக்கு நண்பர் பரிந்துரைப்பது அந்த மருந்தைத்தான்.

சில வருடங்களுக்கு முன் 33 வயது இளைஞர் ஒருவர் மனைவியோடு என்னைப் பார்க்க வந்தார். நல்ல உடற்கட்டு, சட்டைக் கை இறுகிப் பிடித்திருந்தது. மூன்று வருடமாகக் குழந்தை இல்லை என்று மனைவிக்குத்தான் எல்லாப் பரிசோதனையும் செய்திருந்தார்கள். அவரைப் படுக்க வைத்துப் பரிசோதித்தபோது விரைகள் இரண்டும் சிறுத்து மெத்தென்று இருந்தன. "ஊசி ஏதாவது போடுகிறீர்களா?" என்று கேட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் மனைவி உட்கார்ந்திருந்தார். இளைஞர் குரலைத் தாழ்த்தி, "ரெண்டு வருஷமா" என்றார். ஊசியை நிறுத்தி, சிகிச்சை கொடுத்து, விந்தணு மறுபடி கண்ணில் படவே 14 மாதம் ஆனது. பலருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் திரும்பிவிடும், சிலருக்கு இரண்டு வருடமும் ஆகும். அத்தனை மாதங்களும் அந்தப் பெண் தன்னிடம்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தாரே, அதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

சரி, இப்போது உங்கள் 278க்கு வருவோம்.

ரத்தம் கொடுத்த நேரம் மாலை 6 மணி. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து பொழுது சாயச் சாயக் குறையும் ஹார்மோன். அதனால்தான் காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள் பார்க்கச் சொல்கிறோம். வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும், ஏனென்றால் சாப்பிட்ட பிறகு, குறிப்பாகச் சர்க்கரை உள்ளே போன பிறகு, சில மணி நேரத்துக்கு அளவு இறங்கும். ஒரு முறை குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்த வாரத்திலோ, இரவெல்லாம் கண்விழித்த மறுநாளோ பார்க்கக் கூடாது. வேலை முடிந்து, களைத்துப்போய், எதையோ சாப்பிட்டுவிட்டுக் கொடுத்த ரத்தத்தில் வந்த ஒரே ஒரு எண்ணை வைத்து, வருடக்கணக்கில் போட வேண்டிய ஊசியை யாரும் ஆரம்பிக்கக் கூடாது. சில வழிகாட்டு நெறிகளில் கோடு 300இல் போடப்பட்டிருக்கிறது. உங்கள் எண் அதற்குச் சற்றுக் கீழே. காலையில் எடுத்தால் கோட்டைத் தாண்டியும் இருக்கலாம்.

இன்னொரு விஷயம், இதை லேப் ரிப்போர்ட் சொல்லாது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனின் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் சுற்றுகிறது. அதில் முக்கியமான புரதத்தை எஸ்.ஹெச்.பி.ஜி. என்போம். கல்லீரல் அதைத் தயாரிக்கிறது. உடம்பில் இன்சுலின் எப்போதும் கூடுதலாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தால், இந்தப் புரதம் குறைந்துவிடும். சுமக்கும் புரதம் குறைந்தால் மொத்த டெஸ்டோஸ்டிரோன் எண்ணும் குறைவாகத்தான் தெரியும். ஆனால் உடம்பு உண்மையில் பயன்படுத்திக்கொள்ளும் கட்டற்ற பகுதி பலருக்குச் சரியாகவே இருக்கும். எடை கூடிய ஆண்களிடம் இதை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். ஹார்மோன் போய்விட்டது என்று கலங்கி வருவார்கள், பார்த்தால் குறைந்திருப்பது எஸ்.ஹெச்.பி.ஜி.யாக இருக்கும்.

அப்படியென்றால் உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்கிறேனா? இல்லை. இருக்கிறது, ஆனால் நண்பர் காட்டிய இடத்தில் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்த்தது மற்ற மூன்று எண்களை. ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோயின் வாசற்படி. நீங்கள் 6.1. டிரைகிளிசரைடு 150க்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு 240. நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் ஆண்களுக்கு 40க்கு மேல் இருக்க வேண்டும், உங்களுக்கு 34. டிரைகிளிசரைடு ஏறி ஹெச்டிஎல் இறங்கும் இந்த ஜோடியைப் பார்த்தாலே இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துகொண்டிருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றும்.

தொப்பையை வெறும் சேமிப்புக் கிடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு உடம்பு முழுக்க மெல்லிய அழற்சியையும் உண்டாக்குகிறது. இவை எல்லாம் சேர்ந்து மூளையிலிருந்து வரும் உத்தரவை மங்க வைக்கின்றன. விரை நன்றாகத்தான் இருக்கும், உத்தரவுதான் போதாது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் தசை இளைக்கிறது, கொழுப்பு ஏறுகிறது. சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான். அது இளைத்தால் சர்க்கரை தேங்கும், இன்சுலின் இன்னும் ஏறும், தொப்பை இன்னும் வளரும். செக்கு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும் இதை ஊசியால் நிறுத்துவது கடினம். இடுப்புப் பக்கம் பிடித்தால் நிற்கும்.

இடுப்பை அளந்து பாருங்கள் என்று தலைப்பில் எழுதியது அதனால்தான். ஆண்களிடம் இடுப்பளவு கேட்டால் பேன்ட் அளவைச் சொல்வார்கள். பத்து வருடமாக அதே அளவுதான் என்று பெருமையாகவும் சொல்வார்கள். எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தால் பேன்ட் தொப்பைக்குக் கீழே இறங்கியிருக்கும். அளக்க வேண்டியது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில். வயிற்றை உள்ளிழுக்காமல், இயல்பாக மூச்சை விட்டபிறகு, டேப் சதையை அழுத்தாமல். வந்த எண் உங்கள் உயரத்தில் பாதிக்குள், அதாவது 85 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். எவ்வளவு கூடுதல் என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். இனி மாதம் ஒரு முறை அந்த எண்ணைப் பார்த்தால் போதும், எடை இயந்திரத்தில் தினமும் ஏறி மனதை நோகடித்துக்கொள்ள வேண்டாம்.

விறைப்புக் குறைவைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் நான் மிக முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாயின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர், இதயத்துக்குப் போகும் குழாய் 3 முதல் 4 மில்லிமீட்டர். குழாய்களின் உட்சுவர் கெட ஆரம்பித்தால் முதலில் தெரிவது சின்னக் குழாயில். மாரடைப்பு வந்தவர்களைக் கேட்டால், இரண்டு மூன்று வருடம் முன்பே விறைப்பில் பிரச்சினை இருந்தது, வெட்கப்பட்டுச் சொல்லவில்லை என்பவர்கள் நிறைய. அதனால் இந்த வாரமே ரத்த அழுத்தம் பாருங்கள், மருத்துவர் சொன்னால் இதயத்துக்கான பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். கடையில் சொந்தமாக விறைப்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். நைட்ரேட் வகை இதய மருந்தோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் படுபாதாளத்துக்கு இறங்கிவிடும்.

அசதிக்கும் எரிச்சலுக்கும் டெஸ்டோஸ்டிரோன்தான் காரணம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையிலான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. டெஸ்டோஸ்டிரோன் குறைவோடு தெளிவாக ஒட்டிப்போனவை மூன்றே அறிகுறிகள்தான்: விடியற்காலை விறைப்பு குறைவது, உறவின்போது விறைப்பு குறைவது, நாட்டம் குறைவது. அசதியும் மனச்சோர்வும் தனியாக எதையும் நிரூபிக்கவில்லை. அவை தூக்கமின்மையில் வரும், தைராய்டில் வரும், ரத்தசோகையில் வரும், மனச்சோர்வு நோயிலும் வரும். உங்களுக்கு விடியற்காலை விறைப்பு வருகிறதா என்று எழுதவில்லை. அது வாரத்தில் பல நாள் இருந்தால் எனக்குப் பாதிக் கவலை போய்விடும்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை அடிக்கோடிட்டது தூக்கத்தை. 1 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுகிறீர்கள். 2011இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 10 ஆரோக்கியமான இளைஞர்களை எட்டு இரவுகள் இதே போல ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்தார்கள். அவர்களுடைய பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. வயது கூடும்போது ஆண்களுக்கு வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம்தான் குறையும். அதாவது பத்து வருட முதுமை எட்டு ராத்திரியில் வந்துவிட்டது. நீங்கள் இதை வருடக்கணக்கில் செய்கிறீர்கள். தூக்கம் குறைந்தால் பசியும் கூடும், மறுநாள் இனிப்பைத் தேடும்.

எழுதாத இன்னொன்றையும் கேட்கிறேன், மனைவியிடம் கேட்டுச் சொல்லுங்கள்: குறட்டை விடுகிறீர்களா? நடுநடுவே மூச்சு நின்று, அப்புறம் திணறி இழுக்கிறீர்களா? சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட முடியாமல் போய் எத்தனை நாளாகிறது? கழுத்துச் சுற்றளவு 43 செ.மீ.யைத் தாண்டியிருந்தால் உறக்கத்தில் மூச்சுத்தடை வரும் வாய்ப்பு அதிகம். இரவு முழுவதும் பிராணவாயு இறங்கி ஏறிக்கொண்டிருந்தால் எட்டு மணி நேரம் படுத்தும் பயனில்லை, காலையில் அடித்துப்போட்ட மாதிரிதான் எழுவீர்கள். இதைக் கவனிக்காமல் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் மூச்சுத்தடை இன்னும் மோசமாகவும் வாய்ப்பிருக்கிறது. தூக்கப் பரிசோதனை ஒன்று செய்துகொள்வது நல்லது.

உணவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, பாதி உங்களுக்கே தெரியும். இனிப்புப் பானங்களை அடியோடு நிறுத்துங்கள், மதுவைக் குறைப்பதைவிட விடுவது நல்லது, ஒவ்வொரு வேளையிலும் தட்டில் பருப்போ முட்டையோ மீனோ ஏதாவது ஒரு புரதம் இருக்கட்டும், ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடியுங்கள். டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்று விற்கும் பொடிகளில் பணத்தைப் போடாதீர்கள். நெருஞ்சி சேர்த்து விற்பவற்றைச் சோதித்ததில் மனிதர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கூடியதாகத் தெரியவில்லை. சில பொடிகளில் லேபிளில் இல்லாத ஸ்டீராய்டே கலந்திருந்ததும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

ஜிம்முக்குப் போகிறீர்கள், அதை விடாதீர்கள். தொடை, முதுகு போன்ற பெரிய தசைகளுக்கு வேலை கொடுக்கும் பளுப் பயிற்சி வாரத்தில் இரண்டு மூன்று நாள். மற்ற நாட்களில் வேகமாக நடங்கள். சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் மட்டுப்படும். அமெரிக்காவில் உங்களைப் போலச் சர்க்கரை வாசற்படியில் நின்றவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2002இல் வெளியானது. வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பு, உடல் எடையில் 7 சதவீதக் குறைப்பு, அவ்வளவுதான் இலக்கு. சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையில் 31 சதவீதம்தான் குறைந்தது. உங்களுக்கு 7 சதவீதம் என்பது ஆறரை கிலோ. 9 கிலோ வரை போனால் டெஸ்டோஸ்டிரோனும் தானாக ஏறுவதைப் பார்ப்பீர்கள். எடை எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ப அது ஏறும், அதுவும் உங்கள் சொந்த விரையில் சுரந்து, விந்தணுவுக்குக் கேடில்லாமல்.

நண்பர் நன்றாக இருக்கிறாரே என்றீர்கள். ஊசியே கெட்டது என்று நான் சொல்லவில்லை. பிறவிக் குறையாலோ, பிட்யூட்டரி கட்டியாலோ, புற்றுநோய்ச் சிகிச்சையாலோ சுரப்பு நின்றுபோனவர்களுக்கு அது உயிர்ப்பு தரும் மருந்து, நானே எழுதிக் கொடுக்கிறேன். ஆஸ்திரேலியாவில் 50 வயது தாண்டிய, தொப்பை உள்ள ஆண்களுக்கு உணவு, உடற்பயிற்சித் திட்டத்தோடு இரண்டு வருடம் ஊசியும் கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது. சர்க்கரை நோய் அளவை எட்டியவர்கள் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம், போடாதவர்களில் 21 சதவீதம். பலன் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ரத்தம் அளவு மீறிக் கெட்டியானது. 2023இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வில், டெஸ்டோஸ்டிரோனை ஜெல்லாகப் பூசிக்கொண்டவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை, ஆனால் இதயத்துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் சற்று அதிகம் வந்தன. இவர்கள் எல்லோரும் மருத்துவக் கண்காணிப்பில் இருந்தவர்கள். ஜிம்மில் கைமாறும் ஊசிக்கு யார் கண்காணிப்பு? ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஹெமட்டோகிரிட் பரிசோதனையை நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள், 54ஐத் தாண்டக் கூடாது. ஊசியைத் திடீரென்று தானாக நிறுத்தாமல் ஒரு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

ஊசி போட்டதும் தெம்பு வந்துவிட்டது என்கிற பேச்சு பழையது. 1889இல் பாரிஸில் பிரவுன்-செகார் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர் தன் 72வது வயதில் நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு இளமை திரும்பிவிட்டது என்று அறிவித்தார். அவர் நீரில் எடுத்த சாற்றில் டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய இல்லவே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, நம்பிக்கைக்கு அவ்வளவு பலம்.

மனைவி ஒன்றும் கேட்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர் கேட்காமல் இருப்பது உங்களைப் புண்படுத்தக் கூடாது என்பதற்காக இருக்கலாம். தன் மேல்தான் விருப்பம் போய்விட்டதோ என்ற பயமாகவும் இருக்கலாம். நீங்களே பேச்சை எடுங்கள். "என் உடம்பில் ஒரு பிரச்சினை, டாக்டரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

இனி செய்ய வேண்டியது. ஒரு வாரமாவது ஏழு மணி நேரம் தூங்கிய பிறகு, காலை 8 மணி வாக்கில், வெறும் வயிற்றில் மொத்த டெஸ்டோஸ்டிரோன், எஸ்.ஹெச்.பி.ஜி., எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டின், தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., ரத்த அணுக்கள், கல்லீரல் பரிசோதனை பாருங்கள். சில வாரம் கழித்து டெஸ்டோஸ்டிரோனை மட்டும் மறுபடி பாருங்கள். இரண்டு முறையும் தெளிவாகக் குறைவாக இருந்தால், எல்.ஹெச். ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பதை வைத்துக் கோளாறு விரையிலா மூளையிலா என்று பிரிக்கலாம். புரோலாக்டின் மிக அதிகமாக இருந்தால் பிட்யூட்டரிக்கு ஸ்கேன் தேவைப்படும். அப்போதும் சிகிச்சை வேண்டியிருந்தால், விந்தணுவைக் கெடுக்காமல் சொந்தச் சுரப்பைத் தூண்டும் குளோமிஃபீன், ஹெச்.சி.ஜி. போன்ற வழிகள் இருக்கின்றன. ஹார்மோன் மருத்துவர் ஒருவர் நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை அவை. குழந்தைத் திட்டம் இருப்பதால் விந்துப் பரிசோதனை ஒன்றையும் இப்போதே செய்துவிடுங்கள். விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் போல ஆகும், அதனால் இன்று மாற்றும் பழக்கத்தின் பலன் மூன்று மாதம் கழித்து எடுக்கும் பரிசோதனையில்தான் தெரியும்.

முடிவுகள் வந்ததும் மறுபடி எழுதுங்கள். எண்களோடு, ரத்தம் கொடுத்த நேரத்தையும், முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்பதையும், இடுப்பளவு எழுதிய தாளில் இருப்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.